உறையைத் தண்ணீரில் போடாதீர்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கடிதக்கட்டு கிடைத்துவிட்டால், பிள்ளைகள் முதலில் பார்ப்பது தபால் முத்திரையைத்தான். மூலையைக் கத்தரித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, முத்திரையை உரித்துப் பேப்பருக்குள் வைத்துக் காயவைப்பார்கள். உறை அடுப்புக்குப் போகும். பள்ளிக்கூடத்து முத்திரைக் கழகங்களில் இன்றைக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

முத்திரை என்பது அச்சகத்தில் இலட்சக்கணக்கில் அடித்த காகிதம். பெரும்பாலானவற்றை இன்றும் காசு கொடுத்து வாங்கலாம். உறையின் மேல் விழுந்த சீல் அப்படியல்ல. எந்தத் தபால் கந்தோரில் எந்தத் திகதியில் அந்தக் கடிதம் கை மாறியது என்பதற்கு அது ஒன்றே சாட்சி. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களைப் பொறுத்தவரை அந்தச் சாட்சி சின்ன விஷயமல்ல. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாக்களிடம் கேட்டதே, இத்தனை வருடம் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தாய் என்பதைக் காட்டு என்றுதான். ஊரும் திகதியும் பெயரும் ஒன்றாக இருக்கிற காகிதம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த ஒரு குடும்பத்திடம் வேறு என்ன இருந்திருக்கும்?

முத்திரையில் நாம் இல்லாமல் இல்லை. 1935-36இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு வந்த இலங்கைப் படமுத்திரைகளில் 3 சதத்தில் சிவனொளிபாதமலை, 25 சதத்தில் கண்டி தலதா மாளிகை, 9 சதத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள். படத்தில் கூடை இருக்கிறது, மலை இருக்கிறது, ஆளுக்குப் பெயர் இல்லை. அப்புறம் 1948இல் எங்கள் பிரஜாவுரிமை போயிற்று. 1967இல் தேயிலைக்கு நூறு வயது என்று மறுபடியும் முத்திரை வெளியிட்டார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1964 ஒக்டோபர் 30இல், கொழுந்து பறித்தவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்தாகிவிட்டது. இந்த முத்திரைகள் என் ஆல்பத்திலும் உண்டு. அழகானவைதான். எங்கள் கதை அதில் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

மலையகத்துத் தபால் பொருட்களுக்குச் சந்தை இல்லாமலும் இல்லை. 1900இலிருந்து தியத்தலாவையில் ஆங்கிலேயரோடு போரிட்ட போயர் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள், தென்னாபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஆயிரக்கணக்கானோர். அவர்கள் எழுதிய உறைகளில் தணிக்கை சீல் இருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதற்குப் போட்டி போடுவார்கள். 1944இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைவர் மவுண்ட்பேட்டன் பேராதனையில் தலைமையகம் வைத்த காலத்து இராணுவ உறைகளுக்கும் அப்படியே. துரைமார் சீமைக்கு எழுதிய கடிதங்களுக்குச் சொல்லவே வேண்டாம். இரண்டு வருடம் இருந்த கைதியின் உறைக்கு விலை இருக்கிறது. இருநூறு வருடம் இருந்த ஜனங்களின் உறை பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போகிறது. வெளிநாட்டுக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் தங்கள் ஆட்களின் காகிதத்தைத் தேடுகிறார்கள். நாம்தான் தேடவில்லை.

நாங்கள் தீவின் நடுவே மலையில் இருந்தாலும் எங்கள் எல்லை தலைமன்னார்த் துறையில் இருந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து ஆளும் கடிதமும் அந்த வழிதான். இந்தப் பக்கம் வர வேண்டியவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, நோய் பார்த்து அனுப்பினார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. பிறகு நாடு திரும்புகிறவர்கள் முதலில் தங்கியதும் அங்கேதான். 1983க்குப் பின் அகதிகள் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். ஆகவே ‘மண்டபம் கேம்ப்’ என்ற சீலைப் பார்த்தால் ஊரை மட்டும் படிக்காதீர்கள், வருடத்தைப் படியுங்கள். வருடம் மாறினால் கடிதம் எழுதியவரின் நிலைமையே மாறிவிடும்.

தனுஷ்கோடி சீல் இன்னொரு மாதிரி. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகவில்லை, 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போய்விட்டது. தபால் நிலையத்தின் சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. எண்பதுகளில் அதுவும் நின்றது. ஐந்து இலட்சம் பேரை அனுப்பத் தீர்மானித்த வருடத்திலேயே அவர்கள் போய் இறங்க வேண்டிய துறையும் இல்லாமல் போனது. இதை யாராவது கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

என்னிடம் இருக்கிற ஓர் உறையைச் சொல்கிறேன். எழுபதுகளின் நடுவில், திருச்சிப் பக்கம் முசிறியிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போட்டது. முன்பக்கம் முசிறி சீல், சற்று மங்கல். விலாசம் தமிழில் ஒரு தடவை, அதன் கீழே வேறு கையெழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு தடவை. எழுதத் தெரிந்த யாரிடமோ கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். பின்பக்கம் மஸ்கெலியா சீல், தெளிவாக. அதற்குப் பிறகு யாரோ சிவப்பு மையால் விலாசத்தைக் குறுக்கே அடித்து, ‘இந்தியாவுக்குப் போய்விட்டார்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அனுப்பியவர் பெயரை நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார். அப்புறம் மறுபடியும் மஸ்கெலியா, மறுபடியும் முசிறி. எழுதியவர் இவரைத் தேடி இங்கே எழுத, இவர் அந்நேரம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறார். முத்திரையை உரித்திருந்தால் கையில் மிஞ்சுவது சந்தையில் மதிப்பே இல்லாத ஓர் இந்திய முத்திரை.

போனவர்களின் கடிதங்களிலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வங்காளதேசப் போர் அகதிகளுக்காக, 1971 நவம்பரிலிருந்து 1973 மார்ச் வரை, இந்தியாவுக்குள் அனுப்பும் கடிதங்களில் 5 பைசா அகதி நிவாரண முத்திரையும் சேர்த்து ஒட்ட வேண்டியிருந்தது. கூடலூரிலிருந்து திருச்சி உறவுக்கு எழுதிய ஒரு குடும்பத்தின் உறைகளில் அது ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அவர்களே பெட்டி படுக்கையோடு புது இடத்தில் வந்து இறங்கியவர்கள். அரசாங்கக் கணக்கில் அவர்கள் அகதிகள் இல்லை, ‘தாயகம் திரும்பியோர்’.

தோட்டத்துக்குக் கடிதம் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தபால்காரர் லயத்துக்கு வர மாட்டார். தோட்டத்து ஆள் ஒருவர் டவுனுக்குப் போய்த் தபால் பையைச் சுமந்துவருவார், பை ஆபீசில் திறக்கப்படும், அங்கிருந்து யார் கையிலாவது வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த அனுபவம் இல்லாத தோட்டம் உண்டா? லயத்துக்குச் சொந்த விலாசம் வேண்டும் என்பது இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிற கோரிக்கைதான். ஆகவே பழைய உறையில் பெயருக்கு மேலே தோட்டம், டிவிஷன், கங்காணி பெயர் என்று எழுதியிருந்தால் அதையும் படியுங்கள். யார் பொறுப்பில் ஒருவர் எண்ணப்பட்டார் என்பது அந்த வரியில் இருக்கிறது.

2023இல் நுவரெலியாத் தபால் நிலையத்தைக் கைமாற்றக்கூடாதென்று தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1894இல் கட்டிய செங்கல் கட்டடம், காக்க வேண்டியதுதான். அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போன காகிதத்துக்கும் கொஞ்சம் கவலைப்படலாம்.

ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. கடிதம் அந்தரங்கம். கடன், சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் உள்ளே இருக்கும். ஆகவே உறையை மட்டும்தான் கேட்பேன். உள்ளே இருப்பதைப் படிக்காமல் வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுவேன். அதையும் எடுக்க வேண்டும் என்று ஆய்வு செய்கிற நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். எழுதியவரின் பிள்ளைகள் சம்மதித்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம்.

வைத்திருப்பவர்கள் செலோடேப் ஒட்டாதீர்கள், லெமினேட் செய்யாதீர்கள். எங்கள் பக்கத்து ஈரத்துக்குப் பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். சாதாரண வெள்ளைக் காகிதத்தில் மடித்து, அடுப்பும் சுவரும் தொடாத இடத்தில் வையுங்கள். படம் எடுப்பதென்றால் இரண்டு பக்கமும் எடுங்கள். வந்து சேர்ந்த சீல் பெரும்பாலும் முதுகில்தான் இருக்கும்.

நான் இப்போது தேடுவது 1964க்கு முந்திய தனுஷ்கோடி சீலோடு ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலை பக்கம் வந்த உறை. விற்க வேண்டாம். ஒரு நாள் கொடுத்தால் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன். இருப்பவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், தோட்டத்துப் பெயரையும் சேர்த்து.