எல்கேஜி அட்மிஷனுக்கு அலையுறவங்க இதையும் கொஞ்சம் பாருங்க

எங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல இப்ப எல்கேஜி அட்மிஷன் பேச்சுதான். ஏசி இருக்கா, சிசிடிவி இருக்கா, வேன் வேளச்சேரி வரைக்கும் வருமா, எல்லாம் கேக்குறாங்க. கேக்கட்டும், தப்பில்ல. ஆனா புள்ள ஏதாவது சொன்னா மிஸ் என்ன பதில் சொல்றாங்கன்னு ஒருத்தர்கூட விசாரிக்கல. என்னைக் கேட்டா மொதல்ல பாக்க வேண்டியதே அதான்.

ஒரு ப்ளேஸ்கூல்ல கதை சொல்லக் கூப்பிட்டாங்கன்னு போயிருந்தேன். மிஸ் "ஆப்பிள் என்ன கலர்?"னு கேட்டாங்க, கேட்ட வாய் மூடல, அவங்களே "ரெட்ட்ட்"னு இழுக்க மொத்த கிளாஸும் "ரெட்ட்ட்". ஒரு வாண்டு மட்டும் "மிஸ், எங்க வீட்ல பச்ச ஆப்பிள், ஒரே புளிப்பு"ன்னான். "ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ்!" அவ்ளோதான், கதை முடிஞ்சுது. அட, "அப்படியா, மாங்கா மாதிரி புளிச்சுதா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கலரு, ருசி, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு எல்லாமே அவன் வாயில இருந்தே வந்திருக்கும், பக்கத்துல உம்முனு உக்காந்திருந்ததும் பேசியிருக்கும்.

மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970கள்லயே இதைச் சொல்லிட்டாங்க. டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்களாம், அதையே 3 செகண்ட் ஆக்கினா பசங்க நீளமா பதில் சொல்றாங்க, வாயே திறக்காததுகளும் பேச ஆரம்பிக்குது. 3 செகண்டுக்கு எந்த ஸ்மார்ட் போர்டும் வேணாம்.

இன்னொண்ணு, சின்னப் புள்ளைங்களுக்குன்னே ஒரு கல்வி முறையை உருவாக்கின இத்தாலிக்கார மான்டிசோரி அம்மா 1939ல நம்ம அடையாறுக்கே வந்து தியசாபிகல் சொசைட்டியில டீச்சருங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தவங்க. மொதல்ல குழந்தையைக் கவனின்னு சொன்னவங்க பேர் இன்னிக்குத் தெருவுக்கு ரெண்டு போர்டுல தொங்குது, உள்ள போனா நாலு வயசுப் புள்ள நாலு வரி நோட்டுல கர்சிவ் எழுதிட்டிருக்கு.

மிஸ்ஸுங்களை மட்டும் திட்டி என்ன பண்றது. ஒரே ஆள் கையில அத்தனை பசங்களை விட்டுட்டு, சம்பளத்தையும் கிள்ளிக் குடுத்தா ஒவ்வொருத்தன் கிட்டயும் எப்ப குனிஞ்சு பேசுவாங்க? அதுல நாம வேற சாயங்காலம் நோட்டைத் தொறந்து "இன்னிக்கு ஒண்ணுமே எழுதலயா"ன்னு போன் போடுறோம், அவங்க யாருக்கு பயந்து எழுத வைக்கிறாங்கன்னு நினைக்கிறீங்க?

அதனால ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் கிளாஸ் பின்னாடி உக்கார விடுவீங்களான்னு கேளுங்க. உள்ள விட்டா போர்டைப் பாக்காதீங்க, ஒரு புள்ள சம்பந்தமே இல்லாம ஏதாவது உளறும்ல, அப்ப மிஸ் மூஞ்சியைப் பாருங்க. விடவே மாட்டோம்னா அடுத்த ஸ்கூலுக்கு வண்டியைத் திருப்புங்க.