மாங்குளம் நிலையத்தின் பழைய படம்

இலங்கையின் வடக்குப் புகையிரதப் பாதையின் பழைய நிலையப் படங்களைத் தொகுத்து, 'மறைந்த பாதை' என்ற தலைப்பில் நீங்கள் எழுதியிருந்த கட்டுரைக்கு நன்றி. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்ற பிறகு, பாதை தானாக அழிந்துபோகவில்லை. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எங்கள் வளவிலிருந்த பதுங்குகுழியில் தலைக்கு மேலே கிடந்த கட்டையில் ஆணி இறுக்கிய துளைகள் அப்படியே இருந்ததையும், வெயில் ஏறினால் அதிலிருந்து தார் மணம் வந்ததையும் நான் மறக்கவில்லை.

எங்களிடம் எஞ்சியிருப்பது ஒரே படம். வடக்கே வன்னிப் பகுதியில் இந்தப் பாதையிலுள்ள மாங்குளம் நிலையத்தின் மும்மொழிப் பெயர்ப்பலகைக்கு முன்னால் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார். ஓரத்தில் யாரோ ஒருவருடைய குடையின் பாதி மட்டும் விழுந்திருக்கிறது. இடப்பெயர்வுகளில் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட, கடிதத்தோடு கனடாவிலுள்ள சித்தப்பாவுக்கு அனுப்பிய இந்தப் பிரதிதான் தப்பியது. வன்னியின் பழைய படங்களைத் தேடுவோர் இங்குள்ள வீடுகளைவிட வெளிநாட்டு உறவினரின் அலுமாரிகளைக் கேட்பதே பயன் தரும்.

2013இல் கிளிநொச்சிக்கும், 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் திரும்பிவிட்டதால், 'மறைந்த பாதை' என்ற உங்கள் தலைப்பு முழுப் பொருத்தமன்று. பாதை மீண்டது, பழைய நிலையக் கட்டடங்கள் பலதான் மீளவில்லை. அதே வழியிலுள்ள முறிகண்டியின் கச்சான் (வேர்க்கடலை) மட்டும் இன்றும் கிடைக்கிறது.