போஷனைக் குடிச்சுத் தொலைங்கப்பா!

அக்கா பையன் போன வாரம் பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமை வாங்கிவிட்டான். ஆஃபரில் போட்டிருந்தார்களாம். கேட்கிற இடம் 150 ஜிபி, அவன் வீட்டு நெட்டுக்கு இறங்கி முடிக்கவே இரண்டு நாள். மூன்றாம் நாள் ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வருகிறது: "மாமா, ஒண்ணுமே புரியல. யார் அடிச்சாலும் செத்துப்போறேன்." அவனுக்குப் பதில் அடிக்க ஆரம்பித்தேன், வாட்ஸப்பில் அடங்கவில்லை. அதனால் இங்கே.

தெரியாதவர்களுக்கு: இது பெல்ஜியத்தில் கென்ட் நகரத்து லேரியன் கம்பெனி 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கேம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பழைய மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் இதற்கு அடிப்படை. நாலு பேர் கொண்ட குழு, முறை வைத்துச் சண்டை, எதற்கெடுத்தாலும் இருபது முகப் பகடை. தாயம் ஆடி வளர்ந்த கைக்கு ஒரே ஒரு குழப்பம் வரும். நமக்கு 1 விழுந்தால் கொண்டாட்டம், காய் இறங்கும். இங்கே பேச்சுவார்த்தையில் 1 விழுந்தால் நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காரியம் கெட்டது. 20தான் இங்கே தாயம்.

யூடியூப் போனால் "சிறந்த பில்ட்" என்று, அதாவது ஆளுக்கு எந்தத் திறமை, எந்த ஆயுதம் என்ற கணக்கை, நாற்பது நிமிடம் பேசுவார்கள். புதிதாக ஆடுகிறவர் தோற்பது பில்டால் இல்லை என்பது என் கட்சி. கஞ்சத்தனத்தால்.

நம் வீடுகளில் ஷோகேஸில் ஒரு பீங்கான் கப் செட் இருக்கும். விருந்தாளிக்கு என்று வைத்தது. எத்தனையோ விருந்தாளி வந்து போயாச்சு, எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர்தான். நான் முதல் தடவை இந்த கேமை அப்படித்தான் ஆடினேன். போஷன், அதாவது குடித்தால் காயம் ஆறுகிற மருந்து, கிடைத்தால் பெட்டியில். மந்திரச் சுருள், அதாவது படித்தால் ஒரு தடவை மந்திரம் வேலை செய்கிற காகிதம், கிடைத்தால் பெட்டியில். பெரிய சண்டைக்கு ஆகும், பெரிய சண்டைக்கு ஆகும் என்று சேர்த்து, கடைசிச் சண்டையும் முடிந்து பெயர்கள் ஓடும்போது என் கூடாரப் பெட்டியில் ஐம்பதுக்கு மேல் போஷன் கிடந்தது.

போஷன் குடிக்க போனஸ் ஆக்‌ஷன் போதும். போனஸ் என்றால் ஒவ்வொரு முறையிலும் பெரிய செயலுக்கு மேல் கிடைக்கிற சின்னச் செயல். அதாவது குடித்துவிட்டு அதே முறையில் வாளும் வீசலாம். அதைவிட முக்கியம், போஷனைத் தூக்கி எறியலாம். கூட்டாளி உயிருக்குப் போராடிக்கொண்டு கிடந்தால் அவர் பக்கத்துத் தரையைக் குறி வைத்து எறியுங்கள், உடைந்து தெறித்ததும் எழுந்துவிடுவார். இரண்டு பேர் ஒட்டி நின்றால் இரண்டு பேருக்கும் குணமாகும். சுருள்களும் அப்படித்தான், மந்திரவாதிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கோடாலி தூக்குகிற கூட்டாளி கார்லாக்கும் படிக்கலாம்.

தூக்கத்திலும் இதே கஞ்சத்தனம். இரவு முழுக்க ஓய்வெடுத்தால்தான் மந்திரங்கள் முழுதாகத் திரும்பும். நடுத்தரக் கடினத்தில் ஒரு ராத்திரிக்கு 40 அளவு சாப்பாடு செலவு. நானோ உணவை மிச்சம் பிடிக்கிறேன் என்று குழுவின் மந்திரவாதி கேலை மந்திரமே இல்லாமல் சண்டை சண்டையாக இழுத்துக்கொண்டு அலைந்தேன். பீப்பாய், மூட்டை, அடுப்படி என்று கண்ணில் படுவதையெல்லாம் திறந்து பார்த்தாலே தின்று தீராத அளவு சாப்பாடு சேரும். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஷேடோஹார்ட், அஸ்டேரியன் என்ற கூட்டாளிகளுடைய கதையில் பாதி ராத்திரி கூடாரத்தில்தான் நடக்கிறது. தூங்காதவனுக்குக் கதை கிடையாது. முதல் ஆட்டத்தில் எனக்கு அஸ்டேரியன் யாரென்றே சரியாகத் தெரியவில்லை, பூட்டுத் திறக்கிற ஆள் என்றுதான் வைத்திருந்தேன். ஒரே ஒரு எச்சரிக்கை: சத்திரம் ஒன்று தீப்பிடித்து எரிவதைப் பார்த்தால், அணைக்கும்வரை தூங்கப் போகாதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறது.

முதலில் எல்லாரையும் அழ வைக்கிற சண்டை, பாழடைந்த கிராமத்துக்கு அடியில் இருக்கிற பெரிய சிலந்தி. தாய்ச் சிலந்தி. நினைத்த இடத்துக்குத் தாவும், குஞ்சுகளைக் கூப்பிடும். நான் மூன்று தடவை நேருக்கு நேர் நின்று வெட்டிப் பார்த்தேன், மூன்று தடவையும் நாலு பேரும் காலி. நாலாம் தடவை சும்மா நின்று பார்த்தேன். அது நிற்பது பாறையில் இல்லை, பள்ளத்துக்கு மேலே வலையில். கேலின் சின்ன நெருப்பு மந்திரம் ஒன்று உண்டு, எத்தனை தடவை போட்டாலும் தீராது. அதைச் சிலந்தி மேல் போடாமல் காலடி வலையில் போட்டேன். வலை பொசுங்கி அறுந்தது. அம்மணி தொபுக்கடீர் என்று கீழே. எங்கள் வாளெல்லாம் சேர்ந்து செய்யாததைத் தரை செய்தது. இந்த கேமில் பாதிச் சண்டை இப்படித்தான். சண்டைக்கு முன்னால் மேலே, கீழே, ஓரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உயரத்தில் நின்று அம்பு விட்டால் பகடையில் 2 கூடும், அதாவது நூற்றுக்குப் பத்து வாய்ப்பு சும்மா கிடைக்கிறது. விளிம்பில் நிற்பவனைத் தள்ளிவிடலாம். ஆனால் அவன் பையில் இருப்பதும் அவனோடு பள்ளத்துக்குப் போய்விடும், அது ஒரு வயிற்றெரிச்சல்.

எந்த வகுப்பு (போர்வீரன், மந்திரவாதி மாதிரி ஆளின் தொழில்) எடுப்பது என்று மூளையைக் கசக்க வேண்டாம். மொத்தம் 12 இருக்கிறது. விதர்ஸ் என்று ஒரு எலும்புக்கூட்டுத் தாத்தா கூடாரத்துக்கு வந்து சேர்வார். 100 பொற்காசு கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்து வேறு ஆளாக மாற்றிவிடுவார். பேச்சுக்கு மட்டும் ஒரு கணக்கு: யார் முதலில் போய்ப் பேசுகிறாரோ அவர் தலையில்தான் பகடை. குழுவில் இருக்கிற முரட்டு லேஸெலை முன்னால் அனுப்பிவிட்டு "எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க" என்று புலம்பக் கூடாது.

F5 தட்டினால் சேவ். தட்டுங்கள். ஆனால் பகடை தப்பாக விழும்போதெல்லாம் பழைய சேவுக்கு ஓடாதீர்கள். தோற்ற வழியிலும் கதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேமில் தமிழ் கிடையாது. ஆங்கிலம் மலை மாதிரிக் கொட்டிக் கிடக்கும், வேகமாகத் தட்டிக்கொண்டே போகத் தோன்றும். அந்தப் பாழடைந்த கிராமத்தில் ஒரு காற்றாலை வரும். இறக்கையில் ஒரு குள்ள மனிதரைக் கட்டிச் சுழற்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். காப்பாற்ற வேண்டும், உள்ளே இரண்டு லீவர். ஒன்று பிரேக் போட, இன்னொன்று பிரேக்கை விட. நான் "ரிலீஸ்" என்ற சொல்லை மட்டும் பார்த்து, அவரைத்தான் விடுதலை செய்கிறோம் என்று இழுத்தேன். மனிதர் வானத்தில் புள்ளியாகிப் போனார்.

இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வீடியோ அனுப்பிவிட்டான். "மாமா, இந்த ஆளு எங்க போனாரு?"