மகாராணிக்கு எந்த நாடு சரிப்படும்?

(மாமனார் வீட்டுக் கூடம். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை உறுதியாகிவிட்டது. டோக்கியோ, மெல்பர்ன், பெர்லின் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறது கம்பெனி. அவர் வீட்டில் சிங்கம் என்று ஒரு நாய் உண்டு, பெயர் மட்டும்தான். மகாராணி என்று ஒரு பூனையும் உண்டு. அந்தப் பெயரில் குற்றம் சொல்வதற்கில்லை. மாமனார் மடியில் தடிமனாக ஒரு ஃபைல்.)

மாப்பிள்ளை: மாமா, உங்களிடம் ஒரு விஷயம் பேசலாம் என்று வந்தேன்.

மாமா: பேசுங்கள் மாப்பிள்ளை. அதற்கு முன்னால் இந்த ஃபைலைப் பிடியுங்கள். நாய், பூனையை வெளிநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கான விதிகள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அச்சடித்தேன்.

மாப்பிள்ளை: நானும் அதைப் பற்றித்தான் பேச வந்தேன். சிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். மகாராணிக்குத்தான் வயதாகிவிட்டது. பழகின இடம், பழகின மனிதர்கள் என்று உங்களோடேயே இருந்தால்...

மாமா: (அவசரமாக) அந்தப் பேச்சே வேண்டாம்! பிள்ளை மாதிரி வளர்த்துவிட்டு விட்டுப் போகிறேன் என்கிறீர்களே, மனசு எப்படி வருகிறது உங்களுக்கு?

(மாமாவுக்கு அந்தப் பூனைமேல் பாசம் பொங்குவது இதுதான் முதல் தடவை. போன முறை இங்கே தங்கியபோது, மேஜைமேல் இருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்த்தி, நடுவில் நிறுத்தி அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் கீழே தள்ளியது.)

மாப்பிள்ளை: சரி, கூட்டிக்கொண்டே போகிறோம். மெல்பர்ன் எப்படி?

மாமா: ஆஸ்திரேலியாவா? ரேபிஸ் இல்லாத நாடு, அதனால் வாசலில் கெடுபிடி அதிகம். அவர்கள் அங்கீகரித்த நாடுகளின் பட்டியலில் நாம் இருக்கிற நாடு இல்லையென்றால் நேரே போகவே முடியாது. பட்டியலில் இருக்கிற வேறொரு நாட்டுக்குப் போய், அங்கே சில மாதம் இருந்து, அப்புறம் போக வேண்டும். போய் இறங்கினாலும் மெல்பர்ன் பக்கத்தில் மிக்கிள்ஹாம் என்ற இடத்தில் குறைந்தது 10 நாள் தனிமையில் வைத்துவிடுவார்கள்.

மாப்பிள்ளை: யாராவது பெரிய ஆளைப் பிடித்துச் சொல்ல முடியாதா?

மாமா: ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பைவிடப் பெரிய ஆள் வேண்டுமா? 2015-இல் அவருடைய பிஸ்டல், பூ என்ற இரண்டு குட்டி நாய்கள் தனி விமானத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கின. விவசாய அமைச்சர் பார்னபி ஜாய்ஸ், அதுகளைத் திருப்பி அனுப்பு, இல்லையென்றால் கொன்றுவிடுவோம் என்று கெடு வைத்துவிட்டார். நாய்கள் வந்த வழியே போயின. வழக்கு மறு வருஷம்வரை இழுத்து, புருஷன் பெண்டாட்டி இருவரும் கேமரா முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

மாப்பிள்ளை: நம்மிடம் தனி விமானமும் இல்லை. சரி, டோக்கியோ?

மாமா: ஜப்பானில் இரண்டு ரேபிஸ் ஊசி, அப்புறம் ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. வருவதற்கு 40 நாள் முன்பே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

மாப்பிள்ளை: கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள்கூட அப்படிச் சொல்வதில்லையே.

மாமா: காத்திருக்காமல் போய் இறங்கினால், பாக்கி நாளை அவர்கள் தனிமையில் வைக்கிற இடத்தில் கழிக்கலாம். செலவு உங்களுடையது.

மாப்பிள்ளை: 180 நாளா! அங்கே இருந்து வெளியே வருவதற்குள் மகாராணிக்கு ஜப்பான் மொழியே வந்துவிடும்.

மாமா: வந்தாலும் நம்மிடம் பேசாது. அதனால்தான் சொல்கிறேன், பெர்லின். ஐரோப்பிய ஒன்றியம். வரிசை மட்டும் தப்பக்கூடாது. முதலில் சிப், அப்புறம் ஊசி, அப்புறம் ரத்தம்.

மாப்பிள்ளை: ஊசி வருஷா வருஷம் போட்டிருக்கிறோமே மாமா.

மாமா: சிப் இருக்கிறதா?

மாப்பிள்ளை: இல்லை.

மாமா: அப்படியானால் அந்த ஊசி கணக்கில் வராது. போட்டது இந்தப் பூனைக்குத்தானா, எதிர்வீட்டுப் பூனைக்கா என்று யார் சாட்சி? சிப் வைத்த அன்றைக்கோ அதற்கு அப்புறமோ போட்ட ஊசிதான் செல்லும்.

மாப்பிள்ளை: அது என்ன மாமா, போனில் பார்த்தால் எங்கே இருக்கிறது என்று காட்டுமா?

மாமா: அதில் பேட்டரியே கிடையாது. அரிசி மாதிரி ஒரு துணுக்கு, தோலுக்கு அடியில் இரண்டு தோளுக்கு நடுவில் வைப்பார்கள். ரீடரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ என்கிற சர்வதேசத் தரத்துச் சிப்பா என்று கேட்டு வையுங்கள். இல்லையென்றால் அங்கே இருக்கிற ரீடருக்கு அது கேட்காது.

மாப்பிள்ளை: ரத்தப் பரிசோதனை எதற்கு?

மாமா: ஊசி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க. ஊசி போட்டு 30 நாளாவது ஆன பிறகு ரத்தம் எடுத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு மில்லிக்கு 0.5 யூனிட் எதிர்ப்புச் சக்தி இருந்தால் பாஸ்.

மாப்பிள்ளை: பாஸ் மார்க் குறைவுதான். நானே பாஸ் பண்ணிவிடுவேன் போலிருக்கிறதே.

மாமா: உங்களை யார் கேட்டார்கள்? பாஸ் பண்ணினாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் கழித்துத்தான் உள்ளே விடுவார்கள். ரேபிஸ் உடம்பில் புகுந்தாலும் வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குத்தான் இந்த அவகாசம். பட்டியலில் இருக்கிற நாடுகளுக்கு இந்தப் பரிசோதனையே கிடையாது. நமக்கு உண்டு.

மாப்பிள்ளை: விமானத்தில் எங்கே உட்காரும்?

மாமா: மகாராணி உங்கள் காலடியில், பைக்குள். பையோடு சேர்த்து 7, 8 கிலோவுக்குள் இருந்தால் பல விமானங்களில் கூடவே விடுவார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும்தான் எக்ஸ்ரேக்குள் போகும். பூனையை வெளியே எடுத்துக் கையில் தூக்கிக்கொண்டு நீங்கள் நடக்க வேண்டும்.

மாப்பிள்ளை: (முழங்கையில் இருக்கும் பழைய கீறலைத் தடவிக்கொண்டே) கையிலா?

மாமா: அதற்குத்தான் இப்போதிலிருந்தே கழுத்தோடும் மார்போடும் சேர்த்து மாட்டுகிற பட்டையைப் பழக்கச் சொல்கிறேன். விமான நிலையத்தில் அது துள்ளி ஓடினால், அறிவிப்பில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? மகாராணி அவர்கள் உடனே வாசலுக்கு வரவும் என்றா?

மாப்பிள்ளை: சிங்கம்?

மாமா: அது பெரிய உடம்பு, கீழே சரக்கு அறைதான். பயப்படாதீர்கள். பிராணிகள் போகிற பகுதியில் காற்றழுத்தமும் வெப்பமும் சரியாக வைத்திருப்பார்கள். நல்லவேளை, அதற்கு மூக்கு நீளம். பக், புல்டாக் மாதிரிச் சப்பை மூக்காக இருந்தால் மூச்சு முட்டும் என்று பல நிறுவனங்கள் ஏற்றவே மாட்டார்கள். கூண்டு மட்டும் சரியான அளவில் இருக்க வேண்டும். உள்ளே தலை இடிக்காமல் நிற்க, சுற்றித் திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும்.

மாப்பிள்ளை: அது இடி இடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். தூக்க மாத்திரை கொடுத்து ஏற்றிவிடலாமா?

மாமா: கூடவே கூடாது! மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும், மூச்சு பிசகும், கூண்டு சாயும்போது நிலைகொள்ள முடியாது. மேலே பறக்கும்போது யார் போய்ப் பார்ப்பது? மாத்திரை கொடுத்தது தெரிந்தால் ஏற்றவே மறுப்பார்கள். அதற்குப் பதிலாக இன்றைக்கே கூண்டை வாங்கி வீட்டில் கதவைத் திறந்து வையுங்கள். உள்ளே உங்கள் பழைய சட்டையைப் போடுங்கள், சாப்பாட்டையும் அதற்குள்ளேயே வையுங்கள். போகிற நாள் வருவதற்குள் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும்.

மாப்பிள்ளை: அருமை மாமா. இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறீர்களே! சரி, பெர்லின்தான்.

மாமா: (ஃபைலை மூடி, நிம்மதியாகச் சாய்ந்து) நல்ல முடிவு. நான் எதிர்பார்த்ததும் அதுதான்.

மாப்பிள்ளை: நான் அடுத்த மாதமே வேலையில் சேர வேண்டும். வாடகை வீட்டையும் காலி செய்கிறோம்.

மாமா: செய்யுங்கள், செய்யுங்கள்.

மாப்பிள்ளை: சிப், ஊசி, 30 நாள், அப்புறம் 3 மாதம். கூட்டினால் 4 மாதம் ஆகிறது மாமா.

மாமா: (சாய்ந்தவர் நிமிர்கிறார்) ஆமாம்.

மாப்பிள்ளை: நீங்கள் அச்சடித்ததில் கடைசிப் பக்கம் பாருங்கள். பிராணி போகிற நாளும் சொந்தக்காரர் போகிற நாளும் 5 நாளுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் வியாபாரச் சரக்குக் கணக்கில் போய்விடும் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறீர்கள்.

மாமா: அது... உங்களுக்குப் பயன்படட்டும் என்று போட்டது.

மாப்பிள்ளை: பயன்பட்டது மாமா. காகிதத்தில் சொந்தக்காரி உங்கள் மகள்தான். அதனால் அவளும் இதுகளும் ஒன்றாக வரட்டும். அதுவரைக்கும் மூன்று பேரும் இங்கே.

மாமா: அவள் உங்களோடு போய்விட்டு, 4 மாதம் கழித்துத் திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போகலாமே?

மாப்பிள்ளை: தாராளமாகப் போகலாம். அதுவரைக்கும் மகாராணியும் நீங்களும் தனியாக இருந்துகொள்வீர்களா?

(மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்துகிறார்.)

மாமா: என் மகள் இங்கேயே இருக்கட்டும்.

மாப்பிள்ளை: அப்புறம், கூண்டைப் பற்றிச் சொன்னீர்களே. வாங்கி வண்டியிலேயே கொண்டுவந்துவிட்டேன். உங்கள் அறையில்தான் இடம் தாராளமாக இருக்கிறது, அங்கே வைக்கட்டுமா?

மாமா: வையுங்கள். அளவு சரிதானா?

மாப்பிள்ளை: அளந்துதான் வாங்கினேன் மாமா. நிற்கலாம், திரும்பலாம், காலை நீட்டிப் படுக்கலாம்.

மாமா: உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட வழி இருக்கிறதா, பாருங்கள். நான் அதிலேயே படுத்துக்கொள்கிறேன்.