212ஆம் பக்கத்தில் இருப்பவரைப் பேச விடுங்கள்

முந்தாநாள் முகநூலில் ஒரு வாசிப்புப் பதிவுக்குக் கீழே நடந்ததை நட்பில் இருக்கும் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். யார் பெயரையும் இழுக்கப் போவதில்லை. 900 பக்க நாவலில் 212ஆம் பக்கத்தில் இருக்கிறேன் என்று ஒருவர் ஆறே ஆறு வரி எழுதினார். "முதல்ல முடிச்சிட்டு வாங்க, அப்புறம் எழுதலாம்" என்று உடனே ஒரு கமெண்ட். அதற்கு எத்தனை லைக் விழுந்தது என்று எண்ணிப் பார்க்கவே மனசு வரவில்லை. அதற்கும் கீழே இன்னொருவர், கடைசியில் யார் சாகிறார் என்பதைப் பெயரோடு போட்டுவிட்டுப் போனார். இரவுக்குள் பதிவே காணோம்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று போடும் பதிவு விமர்சனம் கிடையாது. விமர்சனத்தில் முழுப் புத்தகத்துக்கும் பொறுப்பேற்றுப் பேச வேண்டும்: அமைப்பு, முடிவு, ஆசிரியரின் மற்ற எழுத்துகளோடு அது எங்கே நிற்கிறது என்பதெல்லாம் வேண்டும். இந்தப் பதிவில் அதில் எதுவும் வேண்டாம். 212ஆம் பக்கம் வரை வந்தவருக்கு அந்த 212 பக்கத்தைப் பற்றிப் பேச முழு உரிமை உண்டு. மீதி 688 பக்கத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. சொல்லாத விஷயத்துக்கு ஏன் அவரிடம் கணக்குக் கேட்கிறீர்கள்?

"முடித்துவிட்டு எழுது" என்பவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 900 பக்கத்துக்கு 1,800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் தினம் அரை மணி கிடைக்கிறவருக்கு அது 60 நாள். விடுபடும் நாட்களையும் சேர்த்தால் மூன்று மாதம். ஆக, மூன்று மாதம் வாயைத் திறக்காதே என்கிறீர்கள். 212ஆம் பக்கத்துக்கு வரவே அவருக்கு ஏழு மணி நேரம் ஆகியிருக்கும். ஏழு மணி நேரம் ஒரு எழுத்தோடு உட்கார்ந்தவரை, இன்னும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நடத்தியது எனக்கு வலித்தது.

மூன்று மாதம் கழித்து எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்தை யாராலும் பழையபடி நினைவுக்குக் கொண்டுவர முடியாது. 40ஆம் பக்கத்தில் வந்த அந்த அமைதியான மனிதர் மேல் சந்தேகம் வந்ததா வரவில்லையா, எந்த அத்தியாயத்தில் கை தளர்ந்தது, எந்த இடத்தில் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்கார்ந்தோம், இதெல்லாம் முடிவின் வெளிச்சம் பட்டதும் அழிந்துவிடும். "எனக்கு அப்பவே தெரியும்" என்று நம்மை நாமே நம்ப வைத்துவிடுவோம். வழியில் எழுதிய குறிப்பு ஒன்றுதான் அந்தத் தெரியாமையைப் பத்திரமாக வைத்திருக்கும். முடித்தபின் எழுதும் எந்த விமர்சனத்திலும் அது கிடைக்காது.

இது முகநூல் வந்தபின் வந்த கெட்ட பழக்கம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். கமலாம்பாள் சரித்திரம் நாவல் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. பொன்னியின் செல்வன் 1950இல் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை ஓடியது. அந்த வருஷங்களில் அவற்றைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் பாதி வாசித்தவர்கள்தான். முடித்தவர் என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை, ஏனென்றால் முடிவு இன்னும் அச்சில் வரவில்லை. "முடிச்சிட்டுப் பேசு" என்று அவர்களிடம் யார் சொல்லியிருக்க முடியும்? தமிழ் நாவல் வளர்ந்ததே பாதியில் நின்று பேசியவர்கள் கையில்.

சரி, எதிர்த்தரப்புக்கு வருகிறேன். "பாதியில் சொல்லும் கருத்து மற்றவர்களைத் திசை திருப்பும்" என்பதில் நியாயம் இருக்கிறது. 90ஆம் பக்கத்தில் "செம போர்" என்று ஒருவர் எழுத, அதை நம்பிப் பத்துப் பேர் புத்தகத்தைத் தள்ளி வைத்தால் நாவலாசிரியருக்கு நஷ்டம்தான். ஆனால் அதற்கு மருந்து வாயை மூடுவதில் இல்லை, எங்கே நிற்கிறோம் என்பதைத் துல்லியமாகச் சொல்வதில் இருக்கிறது. "போர்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல் "90இலிருந்து 130 வரை மெதுவாகப் போகிறது, குடும்ப வரலாறு ஒரே மூச்சில் வருகிறது, பெயர்கள் குழம்புகின்றன" என்று எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள். அதே நாவலை முடித்தவர் வந்து "அந்த நாற்பது பக்கத்தை விடாதீங்க, பின்னாடி உதவும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். எவ்வளவு அழகான உரையாடல் அது!

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு கைவைத்தியமும் சொல்லிவிடுகிறேன், குறிப்பாக ரஷ்ய நாவல் வாசிப்பவர்களுக்கு. அங்கே ஒரே ஆளுக்குப் பெயர், தந்தை வழிப் பெயர், குடும்பப் பெயர், போதாததற்குச் செல்லப்பெயர் வேறு. அடையாளமாகச் செருகும் தாளிலேயே ஆள் ஆளாக எழுதிக்கொள்ளுங்கள், அறிமுகமாகும் பக்க எண்ணோடு. பத்துப் பதினைந்து பேர் எழுதியதும் நாவல் வசப்பட்டுவிடும். பாதியில் கைவிடப்படும் பெரிய நாவல்களில் பல, கதைக்காக அல்ல, பெயருக்காகவே கைவிடப்படுகின்றன.

எங்கே நிற்கிறோம் என்பதை எப்படிச் சொல்வது? பக்க எண் மட்டும் போதாது. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். ஒரு பதிப்பில் 212 என்பது இன்னொன்றில் 260 ஆக இருக்கும். அதனால் "மொத்தம் 900இல் 212, பதினெட்டாம் அத்தியாய முடிவு" என்று எழுதுங்கள். பதிப்பகத்தின் பெயரையும் பதிப்பு ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். கிண்டிலில் வாசிப்பவர்கள் சதவீதம் போடுகிறீர்கள், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பின்னிணைப்பும் அடிக்குறிப்பும் அதிகமுள்ள வரலாற்று நூல் 70 சதவீதத்திலேயே முடிந்துவிடும், மீதி முழுக்கக் குறிப்புகளும் பெயரடைவும்தான். அங்கேயும் அத்தியாயத்தைச் சொல்வதே நல்லது. ஒலிப்புத்தகம் என்றால் மணி, நிமிடம் போதும். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், வாசிப்பவரின் குரலைப் பற்றி நீங்கள் சொல்வதன் அர்த்தமே மாறும்.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர் கட்டாயம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். "என்ன நடை!" என்று நீங்கள் உருகும் ஒவ்வொரு தமிழ் வாக்கியத்தையும் எழுதியவர் அவர்தான். சர்வதேச புக்கர் பரிசில் 50,000 பவுண்டை 2016 முதல் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பரிசில் பாதி கொடுக்கிறார்கள், நம் பதிவில் ஒரு வரி கொடுக்கக் கூடாதா?

அடுத்தது படம். புத்தகத்தை விரித்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுக்காதீர்கள். நீங்கள் வலப்பக்கத்து வரியைக் காட்ட நினைப்பீர்கள், இடப்பக்கத்தில் முக்கியமான சாவு இருக்கும். வேண்டிய பத்தியை மட்டும் வெட்டிப் போடுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் ஜன்னலிலிருந்து வரட்டும். தலைக்கு மேல் விளக்கு இருந்தால் உங்கள் கையின் நிழலே எழுத்தின் மேல் விழும். பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடுவது வேண்டவே வேண்டாம், அது எழுதியவர் வயிற்றில் அடிப்பது. இரண்டு மூன்று வரி போதும், அதையும் கையால் தட்டச்சு செய்தால் உத்தமம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும் செயலிகள் தமிழில் ஓரளவு நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் 'ர'வையும் துணைக்காலையும் மாற்றிப் போட்டுவிடும், 'ஔ' இருக்கும் இடத்தில் 'ஒள' என்று இரண்டெழுத்து வரும். சரிபார்க்காமல் போட்டால் அந்தப் பிழையோடேயே மேற்கோள் ஊரெல்லாம் சுற்றும். எழுதியவரே அப்படித்தான் எழுதினார் என்று ஆகிவிடும்.

கதை எவ்வளவு சொல்லலாம்? பின்னட்டையில் இருக்கும் அளவு. அதற்கு மேல் வேண்டாம். புத்தகத்தில் நடப்பதைச் சொல்வதைவிட வாசிக்கும்போது நமக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள். பதிவை நீக்கியவர் அதைத்தான் செய்திருந்தார். ஒரு பெண் கதவைச் சாத்தும் சத்தத்தை மூன்று முறை திரும்ப வாசித்தேன் என்று எழுதியிருந்தார். கதையில் ஒரு துளிகூட வெளியே வரவில்லை. ஆனால் அந்த ஒரு வரியிலேயே எனக்கு நாவலின் பக்கம் கை நீண்டது.

முடிவைப் போட்டு உடைத்தவருக்கு வருகிறேன். "முடிவு தெரிந்தால் ரசனை கூடும், ஆய்வே இருக்கு" என்று கீழே ஒருவர் வாதாடினார். இருக்கிறது. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்துச் செய்தது. முன்கூட்டியே முடிவு சொல்லப்பட்ட கதைகளை வாசகர்கள் சற்று அதிகமாகவே ரசித்தார்கள் என்பதுதான் முடிவு. ஆனால் அவை சிறுகதைகள், ஒரே அமர்வில் முடிந்துவிடுபவை. ஏழு மணி நேரம் கொடுத்துவிட்டு இன்னும் இருபத்துமூன்று மணி நேரம் கொடுக்கக் காத்திருப்பவரின் நிலை அதுவல்ல. 2015இல் ஜான்சன், ரோசன்பாம் செய்த ஆய்வில் விளைவு நேரெதிராகவும் வந்திருக்கிறது. ஆய்வு எதைச் சொன்னாலும் சரி, தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது வாசிப்பவர் முடிவு. வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்தை அவரே புரட்டிக்கொள்வார். அவர் கையில்தானே புத்தகம் இருக்கிறது!

நல்ல மனதோடு சொல்பவர்களும் கெடுக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். "கடைசியில் ஒரு திருப்பம் இருக்கு, காத்திருங்க" என்பதே ரகசியத்தை உடைப்பதுதான். அதன்பின் வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும் திருப்பத்தைத் தேடுவாரே தவிர வாசிக்க மாட்டார். "அந்தக் கதாபாத்திரம் மேல ரொம்ப பாசம் வைக்காதீங்க" என்பதும் அப்படித்தான். "இன்னும் அந்த இடத்துக்கு வரலையா?" என்பதும் அப்படித்தான். செவ்வியல் நாவல்களின் புதிய பதிப்புகள் பலவற்றில் முன்னுரையே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. அதை நாவல் முடிந்தபின் வாசியுங்கள். முடித்தவர் பாதியில் இருப்பவரிடம் கேட்கக்கூடிய ஒரே நல்ல கேள்வி, "இப்ப எந்த இடத்துல இருக்கீங்க, என்ன தோணுது?" என்பதுதான். பதிலைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள், வெளியே விடாதீர்கள்.

"எல்லாம் படம் காட்டத்தான்" என்றும் ஒருவர் எழுதினார். இதற்குப் பெரிதாகப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. படம் காட்ட நினைப்பவர் அட்டையைப் போட்டுவிட்டுப் போவார், 212ஆம் பக்கத்துக் கதவுச் சத்தத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டார். வருஷத்துக்கு நூறு புத்தகம் என்று இலக்கு வைத்து ஓடுகிறவர்கள் மேல் எனக்கும் வருத்தம் உண்டு. எண்ணிக்கை தலைக்கேறினால் 900 பக்கத்தை யாரும் கையிலேயே எடுக்க மாட்டார்கள், நூறு பக்கப் புத்தகமாகத் தேடிப் போவார்கள். ஆனால் அந்த ஓட்டத்தை உண்டாக்கியதே "முடிச்சியா, முடிச்சியா" என்ற இந்தக் கேள்விதான். முடித்தால்தான் பேசலாம் என்று நாம் விதி வைத்தோம், அவர்கள் முடிப்பதற்காகவே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முடிக்காமல் விட்டால்கூட எழுதுங்கள். நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு விதி சொல்வார்: 50 வயது வரை எந்தப் புத்தகத்துக்கும் 50 பக்கம் வாய்ப்புக் கொடுங்கள். 50ஐத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொள்ளலாம். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம் போதும். "170இல் நிறுத்திவிட்டேன், உரையாடல் எல்லாம் ஒரே குரலாகக் கேட்கிறது" என்பது நேர்மையான பதிவு. இன்பத்துக்காக வாசிக்கிறோம், பரீட்சை எழுதவில்லை. இதை இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

கடைசியாக, பதிவை நீக்கியவரிடம். நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். நீக்கிய பதிவு உடனே அழிந்துவிடாது. ட்ராஷில் 30 நாள் இருக்கும். உங்கள் பக்கத்தில் ஆக்டிவிட்டி லாக் திறந்து, ட்ராஷுக்குள் போய், பதிவைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுங்கள். கமெண்டுகளும் கூடவே திரும்பி வரலாம். அதனால் மீட்டவுடன் முதல் வேலையாக அந்த இரண்டு கமெண்டையும் நீக்கிவிடுங்கள். பிறகு யார் கமெண்ட் போடலாம் என்பதை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். இன்று மூன்றாம் நாள்தான், இன்னும் நிறைய நாள் இருக்கிறது. அதற்குள் 300ஐத் தாண்டியிருந்தால் அங்கிருந்தும் இரண்டு வரி போடுங்கள்.