சொந்தக் காசில் பாட்டுக் கேட்கப் போன பிள்ளை

சில நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். இனி ஏலாது.

அந்த வீடியோவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் போக வேண்டாம், அந்தப் பக்கத்துக்குப் பார்வை கூடுவது மட்டும்தான் நடக்கும். சென்னையில் எட் ஷீரனின் நிகழ்ச்சியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் கையை உயர்த்திப் பாடிக்கொண்டு துள்ளுகிற சில வினாடித் துண்டு. அதில் நீலச் சட்டையோடு முன்னுக்கு நிற்கிறவள் என் தங்கச்சியின் மகள், என் பெறாமகள். தன் சிநேகிதிகள் பார்க்கட்டும் என்று அவள் போட்ட ஸ்டோரியை யாரோ எடுத்துக் கொடுக்க, ஊர்ப் பெயரில் நடக்கிற பக்கம் ஒன்று அதைப் போட்டிருக்கிறது. கீழே வந்த கருத்துகளை முழுதாக வாசித்தேன். "இதுகளை ஆர் கட்டுறது" என்று ஒருவர். "தாய் தகப்பன் இல்லையோ" என்று இன்னொருவர். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் எனக்குத் தெரிந்த முகங்கள் பல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன், பிறகும் சொல்வேன். அவள் பாட்டுக் கேட்கப் போனாள். களவெடுக்கவில்லை, ஒருவரையும் ஏமாற்றவில்லை, வீட்டுக்குப் பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் கணினி வேலை பார்த்து உழைக்கிற பிள்ளை, தன் சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கிய காசில் ரிக்கெட் எடுத்து, தாய்க்கும் தகப்பனுக்கும் சொல்லி, வீசா எடுத்து, சிநேகிதிகளோடு பலாலியில் விமானம் ஏறிப் போனாள். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய்ச் சேருவதை விடக் கெதியாகச் சென்னைக்குப் போய்விடலாம். அந்த விமான நிலையம் 2019 இல் திறக்கப்பட்டபோது இதே ஆட்கள்தான் பெருமையோடு படம் போட்டார்கள். எங்கள் பிள்ளைகள் அதில் ஏறிப் போகக் கூடாதென்றால் அது ஆருக்காகத் திறந்தது?

எட் ஷீரன் ஆரென்று தெரியாமலே திட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர் இங்கிலாந்துப் பாடகர். தன் ஐந்து அல்பங்களுக்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தல், சமன், கழித்தல் என்று கணக்குக் குறிகளையே பெயராக வைத்தவர். அவற்றில் கடைசி இரண்டான சமனையும் கழித்தலையும் மேடைக்குக் கொண்டு போகிற உலகச் சுற்றுப்பயணத்தை 2022 ஏப்ரலில் அயர்லாந்தின் டப்ளினில் தொடங்கினார். அதன் இந்தியச் சுற்று 2025 ஜனவரி 30 ஆம் திகதி புனேயில் தொடங்கி, ஹைதராபாத், சென்னை, பெங்களூர், ஷில்லாங் என்று போய்ப் பெப்ரவரி 15 இல் டெல்லிக்குப் பக்கத்துக் குருகிராமில் முடிந்தது. சென்னையில் 5 ஆம் திகதி, நந்தனம் வைஎம்சிஏ மைதானத்தில். எங்களுக்கு இவ்வளவு கிட்டவாக அப்படி ஒரு பயணம் வருவது அடிக்கடி நடக்கிற காரியமா? வந்தது, பிள்ளைகள் போனார்கள்.

திரும்பி வந்த அடுத்த நாள் என் வீட்டு விறாந்தையில் இருந்து எனக்கு விளங்கப்படுத்தினாள். "தனியாள் பெரியம்மா. முதல்ல கிற்றாரில கையால தட்டுவார். காலால பெடலை அமத்தினா அந்தத் தட்டு திரும்பத் திரும்ப வரும். அதுக்கு மேல தந்தி, அதுக்கு மேல தன்ர குரல். கடைசியில பத்துப் பேர் பாடுற மாதிரி இருக்கும், நிக்கிறது ஒராள்தான்." சொல்லும்போது என் மேசையில் தானும் தட்டிக் காட்டினாள். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு அந்தப் பிள்ளை இவ்வளவு சந்தோசமாகக் கதைத்து நான் பார்க்கவில்லை. அன்று இரவுதான் அந்தப் பதிவு வந்தது.

அந்த மேடைக்கு ஏ. ஆர். ரஹ்மானும் வந்தார். ஷீரனின் பாட்டோடு "ஊர்வசி"யைச் சேர்த்து இருவரும் பாடினார்கள். அது 1994 இல் வந்த படத்தின் பாட்டு. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1990 இல் போன மின்சாரம் திரும்பியிருக்கவில்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். எங்கள் அண்ணா சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவில் கொடுத்துப் பெடலைக் கையால் சுற்றுவான். அவன் கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்து போகும், "சுத்தடா, சுத்தடா" என்று நாங்கள் கத்துவோம். அப்படிக் கேட்ட பாட்டுகளில் இதுவும் ஒன்று. கூடச் சேர்ந்து பாடுகிறவள் என் தங்கச்சி.

அவளுக்கு நல்ல குரல். பள்ளிக்கூட விழாவில் ஒருமுறை தனியாகப் பாடினாள், சனம் கைதட்டியது. அடுத்த நாள் பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒருவர் படலையடியில் நின்று அப்பாவிடம், "அண்ணை, குமர்ப்பிள்ளையை மேடையில ஏத்தி விடுறியளோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அப்பா கோபக்காரர் இல்லை, அவளுக்கு ஏசவும் இல்லை. "இனிப் போதும் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சங்கீத ரீச்சர் வீட்டுக்கு வந்து கேட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்த மேடையிலும் ஏறவில்லை. இப்போது சமையல்கட்டில் கூட வாய்க்குள்தான் பாடுவாள். அந்தப் படலையடிக் கதை இன்று போனுக்குள் வந்திருக்கிறது. அன்று கேட்டது ஒராள், இன்று கேட்கிறது ஊர்.

இப்போது நீங்கள் சொல்கிறவற்றுக்கு வருகிறேன்.

"இது எங்கட கலாச்சாரம் இல்லை." எது இல்லை? கச்சேரியில் பக்கத்தில் இருந்து வாசிக்கிற வயலின் ஐரோப்பாவில் இருந்து வந்தது. அதை நிலத்தில் இருந்து நெஞ்சுக்கும் பாதத்துக்கும் நடுவில் சாய்த்து வாசித்து எங்களுடையதாக்கிக் கொண்டோம். தமிழில் பொப் பாட்டு என்ற ஒன்றை எழுபதுகளில் ஊரெல்லாம் பாட வைத்தது ஆர்? நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும். இருவரும் இந்தத் தீவின் தமிழர்கள். மனோகரனைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடினோம், தமிழ்நாடும் கொண்டாடியது. 2018 இல் அவர் காலமானபோது இதே முகப்புத்தகத்தில் எத்தனை அஞ்சலி! கிற்றார் பிடித்துப் பாடிய மனிதருக்கு அஞ்சலி எழுதத் தெரிந்த உங்களுக்கு, கிற்றார்ப் பாட்டுக் கேட்கப் போன பிள்ளையைக் கண்டால் மட்டும் கலாச்சாரம் ஞாபகம் வருகிறதா? கோயில் திருவிழாவில் விடிய விடிய மேளக்காரர் சினிமாப் பாட்டு வாசிக்க, முன்னுக்கு நின்று பெடியள் ஆடுவது எந்தக் கலாச்சாரம்? அது பிழை என்று நான் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆடுகிறவர்கள் பெடியள் என்பதால் நீங்கள் கேட்பதில்லை என்றுதான் சொல்கிறேன். இந்த வீடியோவிலும் இரண்டு பெடியள் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

காசு பற்றிக் கதைக்கிறவர்களுக்கு நீண்ட பதில் இல்லை. அவளுடைய காசு. சாமத்திய வீட்டுக்கு ட்ரோன் கமெராவும் வாசலில் ஆளுயரப் படமும் வைக்கிற ஊரில், உழைக்கிற பிள்ளை ஒரு ரிக்கெட் வாங்கியதற்குக் கணக்குக் கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை.

"யாழ்ப்பாணத்திலயே நிகழ்ச்சி வைக்கினம்தானே, அங்க ஏன் போகவேணும்" என்று கேட்டவர் உண்மையாகவே கேட்டிருந்தார், அதனால் அவருக்குச் சொல்கிறேன். 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்தபோது என்ன நடந்தது என்று நாடே பார்த்தது. சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது, இடையில் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டி வந்தது. அதற்குப் பிறகு பல கிழமை "யாழ்ப்பாணத்தான் இப்படித்தான்" என்று நாங்களே எழுதினோம். அதற்கு முந்தைய செப்டெம்பரில் சென்னையில் ரஹ்மானின் நிகழ்ச்சியில் ரிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள், நெரிசலில் பெண்கள் பட்ட பாட்டை அவர்களே சொன்னார்கள். அங்கே ஏற்பாட்டாளரைக் கேள்வி கேட்டார்கள். சென்னைச் சனத்துக்கு இனிப் பாட்டே வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, சென்னையில் நிகழ்ச்சிகள் நிற்கவும் இல்லை. வாசல், வரிசை, தடுப்பு, பொலிஸ், தண்ணீர், மலசலகூடம் எல்லாம் பழகிப் பழகித்தான் ஒரு ஊருக்குக் கைவரும். எங்களுக்குப் பழக விட்டார்களா? இருபத்தைந்து வருடத்துக்கு மேல் போருக்குள்ளும் ஊரடங்குக்குள்ளும் இருந்த ஊர் இது. டெய்லர் ஸ்விஃப்ட் 2024 மார்ச்சில் தென்கிழக்காசியாவில் சிங்கப்பூரில் மட்டும் ஆறு இரவு பாடினார், தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று பக்கத்து நாட்டு அரசியல்வாதிகள் வெளிப்படையாகவே குறைப்பட்டார்கள். ஹோட்டல், சாப்பாடு, விமானம் என்று அதில் எவ்வளவு காசு சுழல்கிறதென்று அவர்களுக்குத் தெரியும். அப்படி ஒன்றுக்கு ஆசைப்படக்கூட நாங்கள் வெட்கப்பட வேண்டுமா?

பெங்களூரில் தெருவோரம் நின்று பாடிய ஷீரனின் மைக் வயரையே பொலிஸ் பிடுங்கினதாம், "அவனுக்கே அவ்வளவுதான் மரியாதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது அனுமதி பற்றிய தகராறு. என் பெறாமகளின் சட்டைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம், உண்மையாகவே என்னை நோகப் பண்ணிய கருத்து ஒன்று. "இத்தனை உயிர் போன மண்ணில பிறந்ததுகள் கூத்தாடுதுகள்." இதை இலேசாகக் கடந்து போக என்னால் முடியாது. எழுதியவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவருடைய பக்கத்திலேயே ரொறன்ரோவில் குடும்பத்தோடு இசை நிகழ்ச்சிக்குப் போன படங்கள் இருக்கின்றன, அவர் போகட்டும், சந்தோசமாக இருக்கட்டும். ஆனால் துக்கத்தை நாங்கள் காக்க வேண்டும், பாட்டை அவர் கேட்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்து போன சனத்துக்குள் நான் நின்றேன், என் தங்கச்சியும் நின்றாள். டைனமோ சுற்றிய அண்ணாவை அதற்குப் பிறகு வந்த வருடங்களில் இழந்தோம். எப்படி என்று இங்கே எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவன் படத்துக்கு முன்னால் விளக்கு எரியாத நாள் இல்லை. சென்னைக்குப் போகும் நாள் காலை அந்தப் படத்தைக் கும்பிட்டு விட்டுத்தான் அவளும் போனாள். செத்தவர்களை எங்களுக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இருட்டுக்குள் கை வலிக்க வலிக்கப் பெடல் சுற்றி எங்களைப் பாட்டுக் கேட்க வைத்தவன் அவன். தன் மருமகள் பாட்டுக் கேட்கப் போனதற்கு அவன் கோபப்படுவான் என்று எனக்குச் சொல்ல நீங்கள் ஆர்?

"பொம்பிளைப் பிள்ளையள், ஏதும் நடந்திருந்தா?" என்று அக்கறையாகக் கேட்ட அக்காமாருக்கும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது, போய் இறங்கும் வரை போனைக் கையில்தான் வைத்திருந்தேன். சென்னையில் அத்தனை சனத்துக்குள் நின்ற பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. தெரியாத ஊரில் ஒரு ஓட்டோ அண்ணை இரவு பத்திரமாக விடுதியில் கொண்டு போய் விட்டிருக்கிறார். நடந்ததெல்லாம் இங்கே வந்து இறங்கிய பிறகு. சொந்த ஊர்க்காரர்கள், பெயரும் முகமும் தெரிந்தவர்கள், கோயிலில் கண்டால் "சுகமோ ரீச்சர்" என்று கேட்கிறவர்கள் செய்தது. அவள் வேலைக்குப் போகவில்லை. தகப்பன் கடைத்தெருவால் போகாமல் சுற்றிப் போகிறார். தங்கச்சி என்னோடு கூட முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை, "நான்தான் விட்டனான், நான்தான் விட்டனான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகளை அனுப்பியதுதான் தான் செய்த பிழை என்று அவளை நினைக்க வைத்துவிட்டீர்கள்.

அவள் செய்தது பிழை இல்லை. இன்னொரு முறை சொல்கிறேன், பிள்ளை பாட்டுக் கேட்கப் போனது. இன்னொரு பாடகர் புது அல்பத்தோடு சென்னைக்கோ கொழும்புக்கோ வந்தால் அவள் திரும்பவும் போவாள். காசு காணாவிட்டால் மிச்சத்தை நான் போடுவேன். முடிந்தால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு நானும் போவேன்.

அந்தப் பக்கத்தை நடத்துகிற தம்பிக்கு: உன் பெயரை இங்கே எழுதவில்லை. உன் அம்மாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம், உனக்கு ஆறாம் வகுப்பில் தமிழ் படிப்பித்ததும் நான்தான். வீடியோவை எடு. கீழே உள்ள கருத்துகளோடு சேர்த்து முழுதாக எடு. அந்தப் பிள்ளையிடம் கேட்காமல் போட்டது பிழை என்று அதே பக்கத்தில், உன் கையாலேயே எழுதிப் போடு. கதைக்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வா, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன். உனக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சிரிப்புக் குறி போட்டவர்களையும் கூட்டிக்கொண்டு வா.