இயர்போனைக் கழற்றிவிட்டு ஓடிப் பாருங்கள்

மாரத்தானில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓடுவதை விட்டுவிட்டேன். நீங்களும் விடலாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. பாட்டுப் பிரியர்கள் திட்டுவதற்கு முன் மீதியையும் படித்துவிடுங்கள்.

போன ஜனவரியில் சென்னையில் எனக்கு முதல் முழு மாரத்தான். 42.195 கிலோமீட்டர். விடிகாலை இருட்டில், கடற்காற்றில், காதில் பாட்டோடு ராஜா மாதிரி ஓடினேன். கூட ஓடியவர்களில் ஒரு முகம்கூட இப்போது நினைவில் இல்லை. 31-வது கிலோமீட்டரில் இரண்டு விஷயம் ஒன்றாகத் தீர்ந்தது: இயர்போனில் சார்ஜ், காலில் தெம்பு.

உடம்பு சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்து பலருக்கும் 30 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் காணும். அதற்கப்புறம் கொழுப்பை எரித்துத்தான் ஓட வேண்டும், அதில் வேகம் வராது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் ஏழரை மணி வெயிலில், ஈசிஆர் ஓரத்தில், ஒரு டீக்கடை பெஞ்சைப் பார்த்தபோது படிப்பு எதுவும் ஞாபகம் வரவில்லை.

பாட்டு நின்றதும்தான் மற்ற சத்தங்கள் கேட்டன. ஷூ தேய்வது, மூச்சு இரைப்பது, யாரோ "முருகா, முருகா" என்பது. அதோடு ஒரு வாட்ச் விட்டு விட்டு 'பீப்' அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாட்ச்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். துவைத்துத் துவைத்து எழுத்து அழிந்துபோன பனியன். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. நடப்பவர்கள் 'மாரத்தான் ஓடினேன்' என்று சொல்லக்கூடாது என்று இளக்காரமாகப் பேசியவன் நான். அவரோ நடந்து நடந்தே என்னை மூன்று முறை தாண்டிவிட்டார். மூன்றாவது முறை திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, கிலோமீட்டர் போர்டைப் பார்க்காதீங்க. நிமிஷத்தை நான் பார்த்துக்கிறேன், நீங்க பின்னாடி வாங்க."

அவ்வளவுதான். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து கிலோமீட்டருக்கு மேல் அந்த முதுகையே பார்த்து ஓடினேன். வலது தோள் மட்டும் கொஞ்சம் சரிந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டம் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 12 மணி நேரம் முடிந்ததும் துப்பாக்கி வெடிக்கும், அதற்கப்புறம் வருபவர்களுக்குக் கணக்கு கிடையாது. அங்கே பேசர் (pacer), அதாவது ஒரே சீரான வேகத்தில் மற்றவர்களைக் கூட்டிப் போகும் ஓட்டக்காரர், அவர் பின்னால் கூட்டமாக ஓடுவதை 'பஸ்' என்பார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! ஃபுட்போர்டில் தொங்கினாலும் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அடுத்தவரோடு சேர்ந்து ஓடி மீள்வது ஜெயிப்பவர்களுக்கும் நடக்கும். 2018 பாஸ்டன் மாரத்தானில் கொட்டும் மழை, எதிர்க்காற்று. அமெரிக்க வீராங்கனை டெஸ் லிண்டன் பாதியிலேயே விலகிவிடலாம் என்ற நிலையில் இருந்தார். அதற்குள் சக வீராங்கனைக்காவது உதவுவோம் என்று, கழிப்பறைக்கு ஒதுங்கிய ஷலேன் ஃபிளனகனுக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். கடைசியில் பட்டம் வென்றவர் லிண்டன். இதைப் புண்ணியத்துக்குக் கிடைத்த பலன் என்று ஃபார்வர்டு செய்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்தவர் காலைக் கவனித்த நேரத்தில் தன் கால் வலியை மறந்திருப்பார், அதுதான் நடந்திருக்கும்.

ஒரு விஷயம் மட்டும். சேலை கட்டி ஓடிய ஓர் அம்மாவை வழியில் நிறுத்தி, 'இன்ஸ்பிரேஷன்' என்று மூன்று பேர் செல்ஃபி எடுத்தார்கள். பாவம், அவர் பிடித்து வைத்திருந்த தாளம் போயிற்று. பிடித்திருந்தால் பின்னால் ஓடுங்களேன், எதற்கு நிறுத்துகிறீர்கள்?

5 மணி 8 நிமிடத்தில் முடித்தேன். அங்கே டிபனுக்குப் பொங்கல் வாங்கும் வரிசையில் அந்த வாட்ச்காரப் பெரியவரைக் கண்டுபிடித்து, "சார், உங்களாலதான் முடிச்சேன்" என்றேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓ, நீங்கதானா அது? பின்னாடி சரக் சரக்குனு ஒரே சத்தம். காலைத் தூக்கி வச்சு ஓடப் பழகுங்க, தம்பி."